காரை நிறுத்திய பிறகு டேஷ் கேமுக்கு யார் மின்சாரம் தருவது?

"நான்கு நாள் வெளியூர் போயிருந்தேன். டேஷ் கேமைப் பார்க்கிங் மோடில் விட்டுவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வருகிறது, எஞ்சின் சுற்றவே இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற கேமரா, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பேட்டரியை எப்படிக் காலி செய்யும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

டேஷ் கேம் என்பது காரின் முன்கண்ணாடியில் இருந்தபடி சாலையைப் பதிவு செய்கிற கேமரா, பார்க்கிங் மோடில் வண்டி நின்ற பிறகும் அது விழித்திருக்கும். கணக்கை முதலில் முடித்துவிடலாம், எளிய பெருக்கல்தான். முன்னும் பின்னும் பார்க்கிற இரட்டைக் கேமரா சுமார் 4 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கிற இடத்தில் கொஞ்சம் வீணாகும். ஆக பேட்டரியிலிருந்து போவது ஏறத்தாழ 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணிக்குச் சற்றுக் குறைவு (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-மணி). சிறிய காரின் பேட்டரியில் 45 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் நான்கு நாளில் 38 போய்விட்டது. நிறுத்திய காரும் சும்மா இருப்பதில்லை. ரிமோட் பூட்டு, அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து ஒரு 30 மில்லி ஆம்பியராவது இழுத்துக்கொண்டிருக்கும். பேட்டரிக்கு மூன்று நான்கு வயது ஆகியிருந்தால் அந்த 45-ம் முழுசாக இருக்காது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றால் பயமாக இருக்கிறது, ஆனால் அது இரண்டு விநாடிதான், கணக்குப் போட்டால் 0.08 ஆம்பியர்-மணி. அதே அளவைக் கேமரா பன்னிரண்டு நிமிடத்தில் குடித்துவிடுகிறது. கார் பேட்டரியைச் செய்வதே அந்த இரண்டு விநாடிக்காகத்தான்: மெல்லிய தகடுகள், நிறையத் தகடுகள், ஒரே மூச்சில் அள்ளிக் கொடுத்துவிட்டு உடனே ஆல்டர்னேட்டரிடமிருந்து (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) திரும்ப வாங்கிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக நாள் கணக்கில் உறிஞ்சுவதற்கு அது பழக்கப்பட்டதல்ல.

சரி, இதற்கு வழக்கமான தீர்வு ஹார்ட்வயர் கிட் என்கிற சின்னப் பெட்டி. அதில் மூன்று கம்பிகள். ஒன்று எப்போதும் மின்சாரம் இருக்கிற ஃபியூசுக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஃபியூசுக்கு (வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கேமராவுக்குத் தெரிய வேண்டுமே), மூன்றாவது காரின் இரும்பு உடம்புக்கு. பேட்டரியின் வோல்ட் ஒரு எல்லைக்குக் கீழே போனதும் பெட்டி கேமராவுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும். பெட்டிக்கு விளக்கம் இவ்வளவு போதும். ஆனால் வெறும் வோல்ட்டைப் பார்த்து, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இந்த இடம்தான்.

கார்களில் இருக்கிற ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரான்சைச் சேர்ந்த காஸ்டோன் பிளாண்டே உருவாக்கினார். பல வகை பேட்டரிகளில் உள்ளிருக்கும் திரவம் அயனிகள் நடந்து போகிற பாதை மட்டும்தான், அது செலவாவதில்லை. இதில் அப்படி இல்லை. கந்தக அமிலம் பாதையும்தான், தீனியும்தான். மின்சாரம் எடுக்க எடுக்க, ஒரு பக்கம் ஈயமும் மறுபக்கம் ஈய டை ஆக்சைடும் அமிலத்திலிருந்து சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன, மிச்சமாக நீர் வருகிறது. அதாவது பேட்டரி காலியாகக் காலியாக உள்ளே இருக்கும் அமிலம் நீர்த்துப்போகிறது. முழு சார்ஜில் அதன் அடர்த்தி நீரைப் போல 1.28 மடங்கு, காலியானால் 1.1-க்குப் பக்கத்தில். அமிலத்தின் செறிவு குறைந்தால் செல்லின் வோல்ட்டும் குறையும். கார் பேட்டரிக்குள் வரிசையாக இணைந்திருக்கும் ஆறு செல்லுக்கும் சேர்த்து, ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். மெக்கானிக்குகள் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி மிதவை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்களே, அந்தச் சோதனையைத்தான் இந்தப் பெட்டி மூடியைத் திறக்காமலே செய்கிறது. நிறைவுக்கும் வெறுமைக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 0.2 வோல்ட் தப்பாகப் படித்தால் கால் பேட்டரி தப்பு.

ஆனால் "ஓய்வில் இருக்கும்போது" என்று ஒரு நிபந்தனை சொன்னேனே, அங்கேதான் சிக்கல். ஒருநாள் இரவு முழுக்கக் கேமராவை ஓடவிட்டு, காலையில் பானட்டைத் திறந்து மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தேன். 12.31. ஹெட்லைட்டைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டேன், 11.96-க்கு இறங்கியது. விளக்கை அணைத்ததும் எண் ஒரே தாவலில் 12.1-ஐத் தாண்டியது. இந்தத் தாவல் ஓமின் விதி, பேட்டரியின் உள் மின்தடையில் விழுந்துகொண்டிருந்த வோல்ட் திரும்பி வந்துவிட்டது, அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் அழகு. 12.14... 12.15... சற்று நேரம் கழித்து 12.17. யாரும் சார்ஜ் போடவில்லை, எஞ்சின் ஓடவில்லை, எண் தானாக ஏறிக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன், 12.27 வரை வந்தது.

காரணம், தகடு என்று சொல்கிறோமே தவிர அது வழவழப்பான தகடு இல்லை, பஞ்சு மாதிரி உள்ளெல்லாம் நுண்துளைகள். வேதிவினை பெரும்பாலும் அந்தத் துளைகளுக்குள்ளே நடக்கிறது. மின்சாரம் இழுக்கும்போது துளைக்குள் இருக்கும் அமிலம் முதலில் தீர்ந்து அங்கே நீர் அதிகமாகிறது. வெளியே தகடுகளுக்கு நடுவில் கெட்டியான அமிலம் காத்திருக்கிறது, ஆனால் அது விரவல் மூலம் மூலக்கூறு மூலக்கூறாக உள்ளே வந்து சேர வேண்டும். நிற்கும் தண்ணீரில் விட்ட ஒரு சொட்டு மை எவ்வளவு மெதுவாகப் பரவுகிறது, அந்த வேகம். நாம் படிக்கிற வோல்ட் பேட்டரியின் மொத்த அமிலத்தைச் சொல்வதில்லை, தகட்டின் மேற்பரப்பை அந்த நொடியில் தொட்டுக்கொண்டிருக்கும் அமிலத்தைச் சொல்கிறது. இழுப்பதை நிறுத்தியதும் வெளி அமிலம் உள்ளே ஊறுகிறது, வோல்ட் ஏறுகிறது. பலவீனமான பேட்டரியில் ஸ்டார்ட் ஆகாத கார் ஐந்து நிமிடம் விட்டு முயன்றால் சில நேரம் கிளம்பிவிடுவதற்கும் இதுவே காரணம்.

இப்போது அந்தப் பெட்டியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 12.2-ல் வெட்டு என்று உத்தரவு. வோல்ட் 12.19 ஆகிறது, வெட்டுகிறீர்கள். கேமரா அணைந்ததும் துளைகளுக்குள் அமிலம் ஊறி வோல்ட் 12.23 ஆகிறது. எல்லைக்கு மேலே வந்துவிட்டதே என்று மறுபடி இணைக்கிறீர்கள், உடனே 12.19. இப்படி இரவெல்லாம் கேமரா அணைந்து அணைந்து எரியும், பதிவு செய்துகொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுபட்டு மெமரி கார்டே கெட்டுப்போகலாம். அதனால் ஒரு எல்லை போதாது, இரண்டு வேண்டும். இறங்கும்போது 12.2-ல் வெட்டு, ஆனால் மறுபடி இணைக்க 12.8-ஐத் தாண்ட வேண்டும். ஓய்வில் கிடக்கும் பேட்டரி தானாக அந்த உயரத்தை எட்டாது, ஆல்டர்னேட்டர் சுற்றி 14 வோல்ட் வந்தால்தான் எட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது பெட்டி, கடைசியாக என்ன முடிவு எடுத்ததோ அதிலேயே நிற்கும். காந்தவியல் பாடத்தில் தயக்கக் கண்ணி என்று படித்திருப்பீர்கள், அதே தயக்கம்தான் இது.

இந்தத் தயக்கத்தை மின்சுற்றாகச் செய்தவர் ஓட்டோ ஷ்மிட் என்கிற அமெரிக்கர், 1930-களில், மாணவராக இருந்தபோது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பேட்டரியை அல்ல, கடலில் வாழும் கணவாய் மீனின் நரம்பை. நரம்பு ஒரு எல்லை வரை தூண்டலைப் பொருட்படுத்தாது, எல்லையைத் தாண்டிவிட்டால் முழுசாகத் துடிக்கும், பாதித் துடிப்பு என்பதே கிடையாது. அதை வெற்றிடக் குழாய்களைக் கொண்டு போலச் செய்து காட்டி 1938-ல் வெளியிட்டார். தந்திரம் எளிது: சுற்றின் வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து அதன் உள்ளீட்டிலேயே சேர்த்துவிடுவது. சுற்று "சரி" என்று சொன்ன நொடியிலேயே அந்தச் "சரி" திரும்பி வந்து எல்லையை நகர்த்திவிடுகிறது, பிறகு அதைப் பின்வாங்க வைக்க இன்னும் பலமான காரணம் வேண்டும். ஷ்மிட் ட்ரிகர் என்ற பெயரில் இன்றும் எண்ணற்ற சுற்றுகளில் இருக்கிறது. அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும்போதெல்லாம் "உடனடிப் பயன் என்ன" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கணவாய் நரம்புக்கு அந்தக் கட்டத்தில் யாராலும் எதுவும் எழுதியிருக்க முடியாது, ஆனால் அதிலிருந்து வந்த யோசனை உங்கள் காரைக் காலையில் கிளம்ப வைக்கிறது.

எல்லையை எங்கே வைப்பது? பல பெட்டிகளில் 11.6 முதல் 12.4 வரை தேர்வு உண்டு. 11.6 வேண்டவே வேண்டாம், அது காலி பேட்டரி. பழைய பேட்டரிக்கும் குளிர் பிரதேசத்துக்கும் 12.4, மற்றவர்களுக்கு 12.2. குளிரில் பேட்டரியின் வேகமும் குறையும், எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகும். அதோடு நீர்த்த அமிலம் சீக்கிரம் உறையும்: நிறைந்த பேட்டரி மைனஸ் 60 டிகிரி செல்சியஸிலும் உறையாது, காலியானது மைனஸ் 10-க்கு முன்பே உறைந்து பேட்டரியின் கூட்டையே வெடிக்க வைத்துவிடலாம்.

இன்னொன்று, பெட்டி காப்பாற்றுவது மறுநாள் ஸ்டார்ட்டை மட்டும்தான், பேட்டரியின் ஆயுளை அல்ல. தினமும் இரவில் 5 ஆம்பியர்-மணி எடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் எடுத்தது திரும்பாது, ஏனென்றால் நிரம்ப நிரம்ப ஈய பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும், கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்காகும். அரைகுறை சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் ஈய சல்பேட்டின் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களில் போய் ஒட்டும். பெரிதானவை மறுபடி சார்ஜில் எளிதில் கரையாது, அந்த அளவு பேட்டரி நிரந்தரமாகச் சுருங்கிவிடும்.

அதனால் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு என் யோசனை, கேமராவுக்கென்று தனி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகும், நின்றால் கேமராவுக்குக் கொடுக்கும், கார் பேட்டரியைத் தொடாது. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் வெயிலில் சூடாகும் காருக்குள்ளும் மற்ற லித்தியம் வகைகளைவிடப் பாதுகாப்பானது. இதே காரணத்துக்காகச் சாதாரணப் பவர் பேங்கை டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் வோல்ட் கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும், எனவே நாம் மேலே பார்த்த வித்தை இங்கே பலிக்காது, உள்ளே போன மின்னூட்டத்தையும் வெளியே வந்ததையும் எண்ணித்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: 4 வாட் கேமராவுக்கு நான்கு நாள் என்றால் 384 வாட்-மணி வேண்டும். 80 வாட்-மணி உள்ள தனி பேட்டரி ஒரு நாளைக்குள் தீர்ந்துவிடும். அசைவைக் கண்டால் மட்டும் பதிவு செய் என்று மாற்றினாலும் பெரிதாக மிச்சமாகாது, அசைவு இருக்கிறதா என்று தெரிய கேமரா விழித்துப் பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும். அதிர்ச்சியை மட்டும் கவனிக்கிற மோடுக்கு மாற்றுங்கள். அதில் கேமரா தூங்கும், விழித்திருப்பது அதிர்வை உணர்கிற முடுக்கமானி என்கிற சின்னச் சில்லு மட்டும், அதற்குச் சில மைக்ரோ ஆம்பியர்கள் போதும். யாராவது இடித்தால் அது கேமராவை எழுப்பும். எழுந்திருக்க ஓரிரு விநாடி ஆகும், இடித்த அந்தக் கணம் படத்தில் இருக்காது, ஆனால் இடித்துவிட்டு நகர்கிற வண்டியின் பின்பக்கம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.