போஸ்டருக்கு முன் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்

கடந்த வாரம் முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்யும் ஒரு போஸ்ட்டாக் ஆய்வாளர் என் மேசையில் விரித்து வைத்த ஆய்வுப் போஸ்டரின் கீழ் மூலையில் என்.ஐ.ஹெச். (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம்) மானிய எண் ஒரு பிழையும் இல்லாமல் அச்சாகியிருந்தது. நடுவில், சிறுநீர் வடிகுழாயில் பாக்டீரியா ஒட்டாமல் தடுக்கும் மேற்பூச்சு ஒன்றைக் கலவை விகிதம் முதல் உலர்த்தும் வெப்பநிலை வரை விளக்கியிருந்தார். நல்ல வேலை. ஆனால் அந்தப் போஸ்டர் பத்து மாதங்களுக்கு முன்பே ஒரு மாநாட்டில் மாட்டப்பட்டுவிட்டது. பொதுவில் காட்டிவிட்டதால் ஐரோப்பியக் காப்புரிமைக்கான வாய்ப்பு அன்றே போய்விட்டது. வெளியிட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க விடும் அமெரிக்காவில் இரண்டே மாதங்கள் மிச்சம். "ஏன் முன்பே எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "ஆண்டு முன்னேற்ற அறிக்கையில் எழுதிவிட்டோமே, மேடம்" என்றார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில், ஆய்வாளர்களின் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் இருந்துகொண்டு இந்தப் பதிலை நான் கேட்காத ஆண்டே இல்லை. இங்குள்ள ஆய்வகங்களில் பணிபுரியும் தமிழர்கள் பலர் என்பதால், இதைத் தமிழிலேயே எழுதிவிடத் துணிந்தேன்.

முன்னேற்ற அறிக்கை என்பது மானியம் ஒழுங்காகச் செலவாகிறதா, ஆய்வு நகர்கிறதா என்பதைக் காட்டும் ஆவணம். அதில் கண்டுபிடிப்பு உண்டா என்ற கேள்வி இருப்பது உண்மைதான். அதற்கு "ஆம்" என்று எழுதியதால் சட்டப்படியான அறிவிப்பு முடிந்துவிடாது. கண்டுபிடித்தவர் தம் நிறுவனத்தின் காப்புரிமை அலுவலர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அன்றிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் நிறுவனம் அதை ஐ-எடிசன் என்ற இணைய அமைப்பின் வழியாக, மானியம் தந்த அரசு முகமைக்கு, வல்லுநர் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு விவரத்தோடு அறிவிக்க வேண்டும். கண்டுபிடிப்பின் உரிமையை நிறுவனமே வைத்துக்கொள்ளப் போகிறதா என்று முடிவு சொல்ல அதன்பின் இரண்டு ஆண்டுகள் உண்டு. ஆனால் கட்டுரையோ போஸ்டரோ வெளியாகி அமெரிக்கச் சட்டத்தின் ஓராண்டுக் கெடு ஓடத் தொடங்கியிருந்தால், அந்தக் கெடு முடிவதற்கு அறுபது நாட்களுக்கு முன்பே முடிவைக் கேட்க முகமைக்கு அதிகாரம் உண்டு. எங்களிடம் சொல்லாமல் இருந்தால் கெடு ஓடாது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு மாதக் கெடு ஓடாமல் இருக்கலாம். போஸ்டர் தொடங்கிவைத்த கெடு யாருக்காகவும் நிற்காது.

உரிமையை நிறுவனம் வைத்துக்கொள்ளும் இந்த வாய்ப்பே 1980-இல் வந்த பே-டோல் சட்டத்தால் கிடைத்தது. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முயல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அரசுக்குக் கட்டணமில்லா உரிமம், காப்புரிமை ஆவணத்தில் அரசு உதவி பற்றிய குறிப்பு, கண்டுபிடித்தவருக்கு ராயல்டியில் பங்கு, பயன்பாடு குறித்த அறிக்கைகள் எல்லாம் அதிலிருந்து வருபவை. அறிவிக்கத் தவறினால் உரிமையை அரசு எடுத்துக்கொள்ளலாம். தவறு தெரிந்த அறுபது நாட்களுக்குள் அரசு கேட்டாக வேண்டும் என்றிருந்த வரம்பையும் 2018-இல் நீக்கிவிட்டார்கள். பழைய தவறு என்றைக்கும் எழுந்து வரலாம்.

"யோசனை மானியத்துக்கு முன்பே எனக்குத் தோன்றியது" என்பதும் அடிக்கடி வரும் வாதம். யோசனை எப்போது பிறந்திருந்தாலும், அது முதன்முதலில் செயல்பட்டுக் காட்டியது மானியத்தின் கீழ் நடந்த பணியில் என்றால், அது மானியத்தின் கடமைகளுக்கு உட்பட்டதே.

கையெழுத்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோச் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கற்க சீட்டஸ் நிறுவனத்துக்கு (இதன் பி.சி.ஆர். தொழிலைப் பின்னர் ரோச் வாங்கியது) சென்றபோது, அங்கே நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டார். பல்கலைக்கழகத்திடம் அவர் "உரிமையை மாற்றித் தர ஒப்புகிறேன்" என்று எழுதியிருந்தார். சீட்டஸ் படிவமோ "இதன் மூலம் மாற்றித் தருகிறேன்" என்றது; ஸ்டான்ஃபோர்டிடம் தந்தது வெறும் வாக்குறுதி, சீட்டஸிடம் தந்தது உரிமையே. மத்திய அரசின் பணம் இருந்தது என்பதால் மட்டும் உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே வேறொரு ஆய்வகத்துக்கோ நிறுவனத்துக்கோ போகும்போது வாசலில் எதைக் கொடுத்தாலும் கையெழுத்திடாதீர்கள். முதலில் எங்களுக்கு அனுப்புங்கள்.

சுருக்கத்தை மாநாட்டுக்கு அனுப்பும் முன், கட்டுரையைச் சமர்ப்பிக்கும் முன், நிறுவனத்தாரிடம் ஸ்லைடு காட்டும் முன் எங்களுக்கு எழுதுங்கள். முழுமையாக இருக்க வேண்டியதில்லை. என்ன செய்தீர்கள், யார் யார் செய்தார்கள், எந்த மானியங்கள், எந்தத் தேதியில் வெளியே சொல்லப் போகிறீர்கள் என்பது போதும். வெளியிடுவதைத் தடுக்க நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பெரும்பாலும் மாநாட்டுக்கு முன்பே காப்புரிமைக்கான தற்காலிக விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிடுவோம், நீங்கள் நிம்மதியாகப் போய்ப் பேசலாம்.

அந்த இளைஞரின் விண்ணப்பத்தை இப்போது வழக்கறிஞரோடு இரவும் பகலுமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவுக்கு மட்டும்.