தெரியாமல் காத்திருக்கும் நேரம்

2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 45 பேர் கணினி முன் உட்கார்ந்தார்கள். திரையில் பாறை ஒன்று தோன்றும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். ஊகம் சரியோ தவறோ, பாம்பு இருந்துவிட்டால் கையில் வலிக்கும்படி மின்சாரம் பாயும். எந்தப் பாறையின் கீழ் பாம்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது ஆட்டத்தின் போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது, கண்மணி எவ்வளவு விரிகிறது என்பதெல்லாம் அளக்கப்பட்டன. மின்சாரம் பாயப்போவது உறுதி என்று தெரிந்தபோது உடல் அவ்வளவாகப் பதறவில்லை. பாயலாம், பாயாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது.

“நல்லதோ கெட்டதோ, தெரிந்துவிட்டால் போதும்” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் சொல்வார்களே, அதைத்தான் இந்தச் சோதனை அளந்து காட்டியது. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தைய இரவு, வேலை நிலைக்குமா என்று தெரியாத மாதங்கள், “நாளைக்கு வந்து என்னைப் பாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு அதிகாரி வைத்துவிட்ட போன். இவற்றில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் உடல் நடந்துவிட்டதைப் போலவே வேலை செய்கிறது.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. நிச்சயமின்மை கூடும்போது யாருடைய பதற்றம் கூடி, அது குறையும்போது குறைந்ததோ, அவர்கள்தான் பாம்பு இருக்கும் இடத்தையும் நன்றாகக் கணித்தார்கள். பதற்றம் என்பது மூளை எதிர்காலத்தைக் கணிக்கும் வேலையின் ஒரு பகுதி. “இதற்குப் போய்ப் பயப்படலாமா?” என்று பிள்ளைகளை அதட்டும் பெரியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயப்படுவதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளை யோசித்து முடிவெடுக்கவில்லை. யோசனை வந்து சேர்வதற்கு முன்பே உடல் கிளம்பிவிடுகிறது.

எப்படிக் கிளம்புகிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் வால்டர் கேனன். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட புதிது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த அவர், எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும் பிஸ்மத்தை உணவில் கலந்து பூனைக்குக் கொடுத்து, அதன் இரைப்பை அலை அலையாகச் சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சினந்தாலோ அலைகள் அப்படியே நின்றுபோயின. அது அமைதியானதும் மறுபடி தொடங்கின. ஆபத்து வந்தால் சண்டையிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்று பின்னாளில் அவர் விளக்கியதற்கு வித்து இந்தக் காட்சிதான்.

மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தின் சாயலைக் கண்டதும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸைத் தட்டி எழுப்புகிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் சில விநாடிகளில் செய்தி பரவுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. செரிமானம் அவசர வேலை இல்லை என்பதால் இரைப்பை மெதுவாகிறது. பெருங்குடலோ அதற்கு நேர்மாறாக வேகமெடுக்கிறது. பரீட்சை நாள் காலையில் இட்லி தொண்டையில் இறங்காமல் இருப்பதும், கழிவறைக்கு மறுபடி மறுபடி ஓட வேண்டியிருப்பதும் ஒரே காரணத்தால் வருபவை.

அட்ரினலின் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். ஆனால் இரண்டாவது வழி ஒன்று உண்டு, அது நிதானமானது. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் வெளியடுக்குக்குச் சொல்ல, அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது உச்சத்தைத் தொடச் சுமார் 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வாக்குவாதம் முடிந்து எதிராளி போய்விட்ட பிறகும் நம் உடல் கொதித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த அரை மணி நேரத்தில் பதில் மெசேஜ் அனுப்பாமல் இருப்பது நல்லது.

கார்ட்டிசாலை நிறுத்தும் ஏற்பாடும் உடலிலேயே இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மிதவை எழுந்து குழாயை அடைத்துவிடுவதைப் போல, இரத்தத்தில் கார்ட்டிசால் கூடியதும் அதுவே மூளைக்குச் சென்று “போதும்” என்கிறது. நாயைக் கண்டு பயந்த பூனைக்கு, நாய் போனதும் கதை முடிந்துவிடும். மனிதருக்கு அப்படியில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் அதிகாரியின் குரலை நினைத்துப் பார்த்தாலே அமிக்டலா மறுபடி எழுந்துகொள்கிறது. நினைப்பது நாம்தான், எதிரில் யாரும் இல்லை என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

இப்படி மாதக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும்? 1995-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு, மறதி நோயுள்ள உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிறு தோல் காயம் ஏற்படுத்தியது. அப்படிப்பட்ட பாரம் இல்லாத 13 பெண்களுக்கும் அதே காயம். பின்னவர்களுக்குச் சுமார் 39 நாளில் ஆறியது. பராமரிக்கும் பெண்களுக்கு மேலும் 9 நாள் பிடித்தது. மன அழுத்தம் மனத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நம் வீடுகளிலும் படுத்த படுக்கையான மாமியாரையோ அப்பாவையோ பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான் பார்த்துக்கொள்கிறாள். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்வது அவளுக்குச் செய்யும் வைத்தியம்.

சரி, கிளம்பிவிட்ட உடலை நிறுத்துவது எப்படி? இதயத்தைப் பார்த்து “மெதுவாக ஓடு” என்று கட்டளையிட முடியாது. ஆனால் தானாகவும் நடந்து, நம் சொல்லையும் கேட்கும் ஒரு வேலை உடலில் இருக்கிறது: மூச்சு. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவாகும், விடும்போது தளரும். இளம் வயதினருக்கு இந்த வேறுபாடு விரலுக்கே தெரியும். மூச்சு விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குவதால் இது நடக்கிறது. அந்த நரம்பைத் தூண்டி ஒரு தவளையின் இதயத்தை மெதுவாக்கி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி. அதுவும் மெதுவானது. நரம்புகள் வேதிப்பொருள் மூலம் பேசுகின்றன என்பதை நிறுவிய இந்தச் சோதனை 1921-இல் வெளியானது. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே இழுப்பதைவிட விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடம் செய்தால் போதும். “நன்றாக ஆழமாக இழுத்துவிடு” என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் காற்றை இழுத்துக்கொண்டிருப்பார். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும்; விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். அதைக் கண்டு “ஏதோ ஆகப்போகிறது” என்று அவர் இன்னும் பயப்படுவார். மூச்சு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மெதுவாக இருக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி அந்த நேரத்துக்கு உதவும். பதற்றம் வேர்விடுவது வேறோர் இடத்தில். வங்கிக்குப் போன் செய்ய வேண்டும், பயமாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். அந்தக் கணமே நெஞ்சு லேசாகிறது. மூளை அந்த ஆறுதலைப் பாடமாகப் படித்துக்கொள்கிறது: தப்பித்தோம், ஆகவே அது ஆபத்தான காரியம்தான். மறுநாள் அதே போன் இன்னும் கனமாகத் தெரிகிறது. நோய்க்குறிகளை இணையத்தில் தேடித் தேடிப் பார்ப்பதும், “ஒன்றும் ஆகாதே?” என்று வீட்டில் எல்லோரிடமும் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே ரகம். நிச்சயமின்மையைத் துடைக்க முயல்கிறோம், கொஞ்ச நேரம் துடைபடுகிறது, பிறகு முன்பைவிட அதிகமாக ஊறுகிறது. மருத்துவ உளவியலாளர்கள் இதற்குத் தரும் சிகிச்சை, பயப்படும் காரியத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, பயத்தோடேயே செய்ய வைப்பது. பழைய பயம் அழிந்துவிடாது. “செய்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற புதிய பாடம் அதன் மேல் படிகிறது. பல முறை செய்ய வேண்டியிருப்பது அதனால்தான்.

ஓயாமல் கவலைப்படுபவர்களுக்கு 1983-இல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் சகாக்களும் ஒரு வழியைச் சோதித்தார்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. மற்ற நேரத்தில் கவலை எழுந்தால் அதை அந்த அரை மணிக்குத் தள்ளிவைப்பது. அப்படிச் செய்தவர்களின் கவலை குறைந்தது. படபடப்பைக் கூட்டும் காப்பியையும் கணக்குப் பாருங்கள். உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஆறு மணி டிகாக்‌ஷன் இரவு பதினொரு மணிக்கும் பாதி மீந்திருக்கும்.

ஆனால் எல்லாப் படபடப்பையும் டென்ஷன் என்று தள்ளிவிடக் கூடாது. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், நடந்தால் கூடினால், குளிர்ந்து வியர்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பதும் இரத்த சோகையும் இதயத்தைப் படபடக்க வைக்கும்; இரத்த சோகை நம் பெண்களிடம் மிகப் பரவலானது. படபடப்பென்று வரும் பெண்ணை இரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் “மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்” என்று அனுப்பிவைப்பது அநியாயம்.

உடலில் குறையொன்றும் இல்லை, இருந்தும் மாதக்கணக்கில் பெரும்பாலான நாட்களில் கவலை தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச்சு சிகிச்சை, மருந்து இரண்டுமே பலன் தருபவை. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.