பழைய மில்லிங் மெஷினும் அதன் ஆட்டமும்

பழைய மில்லிங் மெஷினுக்கு, அதாவது சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மெஷினுக்கு, மூன்று மோட்டாரைப் பூட்டி ஒரு கணினியோடு இணைத்துவிட்டால், அது தானாகத் துல்லியமாக வெட்டத் தொடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மோட்டார் பூட்டுவது எளிது. மெஷினின் உடம்பில் ஊறிப்போன ஆட்டத்தை, உறுப்புகளுக்கு நடுவே விழுந்த தளர்வை, தீர்ப்பதில்தான் உயிர் போகும். இத்தனை காலமும் அந்த ஆட்டத்தைச் சமாளித்து வந்தது சக்கரத்தைச் சுற்றிய ஆளின் கை. கணினிக்கு அந்தக் கை கிடையாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இப்படியொரு மெஷினுக்கு வேலை இல்லாமல் போகாது. செம்பனைப் பழம் போய்ச் சேரும் ஆலையில் கன்வேயர் செயின், புஷ், பின், பம்பு உறுப்பு என்று ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே இருக்கும். நேராக ஒரு கீவே, அதாவது தண்டில் நீளமான காடி, வெட்டுவதென்றால், கணினியில் ஆள் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவதற்குள் கைச்சக்கரத்தில் பழகிய பிட்டர் அண்ணன் வெட்டி முடித்துவிடுவார். வளைவு என்று வந்தால்தான் சிக்கல். மேசையை இடவலமாகவும் முன்பின்னாகவும் ஒரே நேரத்தில், கணக்குப் பிசகாமல் நகர்த்த ஒருவரால் ஆகாது.

1940-களில் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வார்ப்புரு வெட்டிய ஜான் பார்சன்ஸும் இங்கேதான் முட்டிக்கொண்டார். வளைவைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, ஒருவர் எண்களை வாசிக்க, ஆளுக்கொரு சக்கரத்தை இருவர் சுற்றினார்கள். அந்த யோசனை எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போய், 1952-இல் துளையிட்ட நாடாவைப் படித்து ஓடும் மெஷினாக மக்கள் முன் வந்தது. அதற்காக யாரும் புது மெஷின் வார்க்கவில்லை. சின்சினாட்டி நிறுவனத்தின் மில்லிங் மெஷின் ஒன்றைத்தான் மாற்றியமைத்தார்கள். வீட்டுக் கொட்டகையில் இதைச் செய்ய நினைப்பவர் தயங்க வேண்டியதில்லை. இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததே மாற்றுவேலையாகத்தான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். மேசைக்கு அடியில் ஒரு திருகுத் தண்டு, அதைக் கவ்விய நட்டு. தண்டு சுழன்றால் மேசை நகரும். மரைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இல்லாவிட்டால் தண்டு சுழலாது. நாள்பட நாள்பட அந்த இடைவெளி தேய்ந்து பெரிதாகும். ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்த மேசையைத் திருப்பும்போது, தண்டு முதலில் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும். அதுவரை மேசை அசையாது. கப்சாய் மோட்டார் சைக்கிளில் செயின் தொங்கிப்போனால் முறுக்கியதும் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு ‘டக்’கென்று இழுக்குமே, அதே கதை. இதற்குப் பேக்லாஷ் என்று பெயர்.

பிட்டர் அண்ணன் என்ன செய்வார்? கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த இடத்துக்கே திரும்பி வரமாட்டார். இன்னும் பின்னே போய், எப்போதும் வரும் பக்கத்திலிருந்தே மறுபடி வருவார். கேட்டால் பழக்கம் என்பார். கணினியோ சொன்ன எண்ணிக்கையைச் சுற்றிவிட்டு, மேசை வந்து சேர்ந்துவிட்டதாக நம்பிக்கொள்ளும். 0.2 மிமீ ஆட்டமுள்ள மெஷினில் வட்டம் வெட்டச் சொல்லிப் பாருங்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் நான்கு இடங்களில் வட்டம் தட்டையாகிவிடும். ஏதாவது ஓர் அச்சு திசை திரும்புவது அந்த நான்கு இடங்களில்தான்.

அளவு பிசகுவதோடு நின்றால் பரவாயில்லை. கட்டர் சுழலும் திசையிலேயே உலோகத்தைத் தள்ளி வெட்டும் முறை ஒன்று உண்டு. வெட்டிய முகம் வழவழப்பாக வரும் என்பதால் புரோகிராம் எழுதும் மென்பொருள்கள் பலவும் அதைத்தான் முதலில் எடுக்கும். அப்படி வெட்டும்போது கட்டரே மேசையைத் தன் பக்கம் இழுக்கும். ஆட்டம் இருந்தால் மேசை அவ்வளவு தூரம் குதிக்கும், பல் உடையும். திசை திரும்பும்போது ஆட்டத்தின் அளவைக் கூடுதலாகச் சுற்றச் சொல்லும் வசதி மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி போன்ற மென்பொருளில் இருக்கிறது. அளவுப் பிசகு குறையும். இந்தக் குதிப்பை அது பிடித்து நிறுத்தாது.

ஆகவே தண்டையே மாற்றுகிறார்கள். பால் ஸ்குரூவில் மரையோடு மரை உரசுவதில்லை. நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டு, நட்டின் கடைசிக்குப் போய், ஒரு குழாய் வழியாக மறுபடி முன்னே வருகின்றன. சற்றே பெரிய குண்டுகளை இறுக்கி அடைத்தால் ஆட்டம் ஏறக்குறைய மறைந்துவிடும். உராய்வு குறைவதால் கொடுக்கும் விசையில் 90 சதவீதம் வரை மேசைக்குப் போகும். பழைய தண்டில் பாதிகூடத் தேறாது. அந்த நட்டு பருமனானது, இடம் போதாமல் மேசையைத் தாங்கும் சேடிலைக் கொஞ்சம் குடைய வேண்டிவரும். மோட்டார் தாங்கிகளையும் வெட்டியாக வேண்டும். இதையெல்லாம் வெட்டித் தரும் மெஷின் நாம் பிரிக்கப்போகும் அதே மெஷின்தான் என்பதை மறந்து, முதலில் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த பட்டறைக்கு நடப்பவர்கள் உண்டு.

உராய்வு குறைவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழைய தண்டு, விட்ட இடத்தில் நிற்கும். பால் ஸ்குரூ நிற்காது. பாரம் அழுத்தினால் தானாகச் சுழலும். மேலும் கீழும் போகும் அச்சில் இதைப் பூட்டிவிட்டு மின்சாரம் போனால் தலைப்பகுதி சரசரவென்று இறங்கி வேலைப்பொருளில் குத்தும். அங்கே பிரேக் உள்ள மோட்டார் அல்லது எதிர்ப்பாரம் கட்டாயம்.

மோட்டார் கணக்கு சின்னது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 எட்டுகளாக, அதாவது சின்னச் சின்ன அடிகளாக, எடுத்து வைக்கும். மோட்டாரை இயக்கும் டிரைவர் பெட்டி ஒவ்வோர் அடியையும் 8 ஆகப் பிரித்தால் 1,600. தண்டு ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகர்த்தினால், மில்லிமீட்டருக்குக் கணினி 320 துடிப்பு அனுப்ப வேண்டும். தண்டை மாற்றாமல் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்ஜ்போர்ட் நிறுவனப் பாணி அங்குல மெஷினில் மரை அங்குலத்துக்கு 5, அதாவது 5.08 மிமீ. அதை 5 என்று எழுதிவிட்டால் 100 மிமீ கேட்ட இடத்தில் 101.6 மிமீ வரும். எட்டைப் பிரித்துக்கொண்டே போனால் துல்லியம் கூடும் என்பதும் பாதி உண்மைதான். ஓட்டம் மென்மையாகும், ஆனால் மோட்டார் பாரத்தின் கீழ் அந்தச் சிறு பின்னத்தில் உறுதியாக நிற்காது.

ஸ்டெப்பரின் பெரிய குறை, வேகம் கூடக்கூட அதன் முறுக்குவிசை சரிவது. அவசரப்படுத்தினால் எட்டு தவறும். தவறியதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை, அதன் பிறகு வெட்டுவதெல்லாம் இடம் மாறிப்போகும். எவ்வளவு சுழன்றது என்று அளந்து சொல்லும் என்கோடர் உள்ள மோட்டார் இதைக் கண்டுபிடித்துத் திருத்தும், முடியாவிட்டால் நின்றுவிடும். கூடுதல் காசு கொடுத்து அதை வாங்குவதே நல்லது என்பேன்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மெஷினுக்கான கட்டளை மொழியான ஜி-கோடைப் படிப்பது எல்லாவற்றுக்கும் பொது. மின்சாரம்தான் தலைவலி. ஆலை மெஷினின் மோட்டார் மூன்று ஃபேஸ். வீட்டில் இருப்பது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ். ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் இன்வெர்ட்டர் வைத்து, மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்தால் அதன் சுருள்களை முக்கோணமாகக் கோக்கும் டெல்டா இணைப்புக்கு மாற்றி ஓட்டலாம். ஆனால் இன்வெர்ட்டர் எழுப்பும் மின் இரைச்சல் பக்கத்து ஒயர்களில் ஏறும். மேசை எல்லையைத் தொடாமலே லிமிட் சுவிட்ச் அடித்ததாகக் கணினி நினைத்து, பாதி வெட்டில் நின்றுவிடும். சிக்னல் ஒயர்களை இன்வெர்ட்டர் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். உறையுள்ள கேபிளாக வாங்கி, உறையைக் கட்டுப்பாட்டுப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். அப்படியும் நின்றால், சுவிட்சைக் கழற்றிப் பார்க்கும் முன் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மேசையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது நிற்காவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.