கலுங்கின் ஓரடி

ஐப்பசி, கார்த்திகையில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் வெளியூரிலிருந்து ஊருக்குப் போன் போட்டால் முதலில் கேட்பது, "நம்ம கண்மாய் மறுகால் போயிருச்சா?" என்பதைத்தான். கண்மாய் நிரம்பி வழிவதுதான் மறுகால். மறுகால் போய்விட்டால் அந்த வருஷ நெல்லுக்குக் கவலை குறைவு. அதோடு, கீழே இருக்கிற அடுத்த ஊர்க் கண்மாய்க்கும் தண்ணீர் கிளம்பிவிட்டது.

செட்டிநாட்டுப் பக்கம் மணிமுத்தாறு, தேனாறு, விருசுழியாறு, பாம்பாறு என்று ஆறுகள் உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் சில வாரம் மட்டும் ஓடுகிறவை. இந்தப் படுகைகளில் வெள்ளத்தைத் தாங்குவதும் வயலைக் காப்பதும் கண்மாய்களின் வேலை. மேட்டுக் கண்மாய் நிரம்பியதும் மிச்ச நீர், அது வழிவதற்கென்றே கரையில் கட்டிய கலுங்கு வழியாக வழிந்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் இறங்கி, பள்ளத்துக் கண்மாயைச் சேரும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் மிஞ்சுவதுதான் ஆற்றுக்கும் கடலுக்கும். ஒரே இரவில் கொட்டிய மழையை இந்தத் தொடர் பல நாட்களுக்குப் பரப்பி விடுகிறது.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கலுங்கின் உயரம். 100 ஏக்கர் பரந்து நிற்கும் கண்மாயில் நீர்மட்டம் ஓரடி கூடினால், கூடுதலாக நிற்பது சுமார் 12 கோடி லிட்டர். பிறகு ஏன் கலுங்கை இன்னும் ஓரடி உயர்த்திவிடக் கூடாது? கரைக்குக் கீழே, வயலுக்கு நீர் திறக்கும் மடையைப் பார்த்து வயல் வைத்திருப்பவர் அப்படித்தான் கேட்பார். உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் ஏறும் பக்கத்தில், பட்டா நிலம் உள்ளவருக்கோ அந்த ஓரடியில் பயிர் முழுகிவிடும். கரையின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளியும் சுருங்கிப்போகும். மண்கரை மேலே தண்ணீர் ஏறி வழிய ஆரம்பித்தால் அரிப்பு நிற்காது. உடைப்பெடுத்த நீர் அப்படியே கீழ்க் கண்மாயின் தலையில் இறங்கும்.

பழைய கலுங்குகள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி பார்க்கலாம். கலுங்கின் மேல் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, இடுப்பளவு உயரத்தில் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். அடைமழையில் இடுக்குகள் திறந்தே கிடக்கும். மழை ஓயும் நேரம் பார்த்து மண்ணும் புல்கரணையும் வைத்து இடுக்கை அடைத்து, கடைசி வெள்ளத்தைப் பிடித்து நிறுத்துவார்கள். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்பது ஊர்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்பாய்ச்சியின் கணக்கு. பொறியியல் படிக்காமலே செய்த நல்ல பொறியியல் இது என்பது என் எண்ணம். அந்த இடுக்குகளை சிமெண்ட் வைத்து நிரந்தரமாக அடைப்பது அந்தக் கணக்கையே அழிப்பது.

கலுங்கின் நீளத்துக்கும் காரணம் உண்டு. கலுங்கின் மேல் ஓடும் நீரின் ஆழம் இரண்டு மடங்கானால், வெளியேறும் அளவு ஏறத்தாழ 2.8 மடங்காகும். ஆழம் கொஞ்சம் கூடினாலே நிறைய நீர் வெளியேறிவிடுவதால்தான் கரை தப்பிக்கிறது. கலுங்கின் பாதி நீளத்தில் புதரும் குப்பையும் அடைத்துக்கொண்டால், அதே வெள்ளத்தை வெளியேற்ற கலுங்கின் மேல் ஓடும் நீரின் ஆழம் ஒன்றரை மடங்குக்கும் மேலே எழ வேண்டியிருக்கும்.

மடைப் பக்கம் வேறு கதை. பாண்டிய நாட்டுக் குமிழி மடைகளில் மேலே நீரோடித் துளை, தரையை ஒட்டிச் சேறோடித் துளை. அடைப்பைத் தூக்கியதும் பாயும் நீரோடு அடியில் படிந்த சேறும் கொஞ்சம் வயலுக்குப் போய்விடும். மிஞ்சிய வண்டலைக் கோடையில் வெட்டி வண்டியில் அடிப்பார்கள். இங்கே அதற்குக் கரம்பை என்று பேர். செட்டிநாட்டுச் செம்மண்ணும் செம்புறாங்கல் தரையும் தண்ணீரைப் பிடித்து வைக்காது. களிப்பாங்கான கரம்பை ஈரத்தையும் சத்தையும் நிறுத்தும். கண்மாய் ஆழமாவதும் வயல் வளமாவதும் ஒரே வேலையில் நடக்கிறது.

இன்று இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வரத்துக்கால்தான். அதன் சரிவு மிகக் குறைவு. குறுக்கே ஒரு மனைப்பிரிவுச் சாலையை முழங்கால் உயரம் மேடாக்கினால் போதும், தண்ணீர் திரும்பிவிடும். சீமைக்கருவேல் வேறு. ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017இல் தமிழக அரசு திரும்பக் கொண்டுவந்தபோது பல ஊர்களில் பாசன விவசாயிகள் சங்கங்கள் தூர்வாரின. ஆனால் உள்ளே எவ்வளவு ஆழமாக வெட்டினாலும், வரத்து அடைபட்ட கண்மாய்க்குத் தண்ணீர் வராது.

அதனால் ஊர்களில் இந்த வேலையை எடுத்துச் செய்கிறவர்கள் மண்வெட்டிக்கு முன்னால் புலப்படத்தைத் தேடுகிறார்கள். எஃப்எம்பி என்கிற அந்தப் புலப்படத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் வைத்து, எந்த சர்வே எண் ஓடைப் புறம்போக்கு என்று கண்டுபிடித்து, சங்கிலி போட்டு அளந்து கல் நடச் சொல்லி மனுக் கொடுக்கிறார்கள். நீர்வளத் துறையின் ஏரி, கண்மாய்களில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமோ காவிரி டெல்டாவுக்கானது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சில வட்டாரங்கள் அதில் உண்டு, சிவகங்கை மாவட்டம் இல்லை. காரைக்குடி வயல்காரருக்குக் கையில் இருப்பது புலப்படத்தில் கோடு போட்ட அந்த ஓடைதான்.