மின்னல் இறங்கும் அந்த 20 மில்லி விநாடி

கைபேசியில் மின்னலை வீடியோ எடுத்தவர்கள் அதை ஒவ்வொரு பிரேமாக ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ஒரு பிரேமில் இருட்டு. அடுத்ததில் வானமே வெளுத்துக் கிடக்கும். இடையில் ஒன்றும் இருக்காது. விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 33 மில்லி விநாடி. மேகத்தில் கிளம்பிய மின்பாதை தரைக்கு வந்து சேரச் சுமார் 20 மில்லி விநாடி போதும். முழுக் கதையும் ஒரே பிரேமுக்குள் முடிந்துபோகிறது.

அந்தக் கதையை முதலில் பிரித்துக் காட்டியது, 1930களில் தென்னாப்பிரிக்காவில் இயற்பியலாளர் பாசில் ஷோன்லண்டும் அவருடைய கூட்டாளிகளும். அவர்கள் பயன்படுத்தியது இங்கிலாந்தின் சார்லஸ் வெர்னான் பாய்ஸ் வடிவமைத்த கேமராவை. லென்ஸ் சுழல்வதால், முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் படத்தில் சற்றுத் தள்ளித் தள்ளி விழும். அதில் தெரிந்தது இது: மின்னல் ஒரே பாய்ச்சலில் இறங்குவதில்லை. ஏறக்குறைய 50 மீட்டர் தாவும், 50 மைக்ரோ விநாடி போல நிற்கும், மறுபடி தாவும்.

இன்றைய அதிவேக கேமராக்கள் விநாடிக்குப் பல்லாயிரம் பிரேம்கள் எடுக்கின்றன. மின்னலைக் கண்ட பிறகு பொத்தானை அழுத்தினால் காரியம் கெட்டுவிடுமே என்று தோன்றலாம். கேமரா எந்நேரமும் பதிவு செய்து, பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே இருக்கிறது. அழுத்தியதும் அதற்கு முந்தைய ஓரிரு விநாடிகளைப் பத்திரப்படுத்திக்கொள்கிறது.

அந்த வீடியோவை மெதுவாக ஓட்டினால், காய்ந்த தரையில் கொட்டிய தண்ணீர் வழி தேடுவதுபோல மங்கலான கிளைகள் பல திசைகளில் பரவி இறங்கும். பெரும்பாலும் இவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. வேகம் விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். ஏதேனும் ஒரு கிளை தரையை நெருங்கியதும், கீழே மின்புலம் வலுத்து, கட்டட உச்சிகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் நேர்மின் இழைகள் மேலே கிளம்பும். அவற்றில் ஒன்று கிளையைத் தொட்டதும் பாதை முழுமையாகிவிடும். அப்போதுதான் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், அதுவும் கீழிருந்து மேலாக, ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஓடுகிறது. காற்று 30,000 டிகிரி வரை சூடாகிறது. விநாடிக்கு 40,000 பிரேம் எடுக்கும் கேமராவுக்கே இந்த ஓட்டம் ஓரிரு பிரேம்தான், படம் வெள்ளையாகிவிடும்.

தொடும் அந்தக் கணத்துக்கு முந்தைய காட்சிதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. 2021இல் பிரேசிலின் சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் நகரில் மின்னல் ஆய்வாளர் மார்செலோ சாபா குழுவினர் அதை வெறும் 150 மீட்டர் தொலைவிலிருந்து, விநாடிக்கு 40,000 பிரேம் வேகத்தில் பிடித்தார்கள். பக்கத்துக் கட்டடங்களின் உச்சிகளிலிருந்து 31 இழைகள் மேல்நோக்கி எழுந்தன. ஜெயித்தது ஒன்றுதான். அது எந்த இடிதாங்கியிலிருந்தும் எழுந்ததல்ல, ஒரு கட்டடத்தின் புகைபோக்கியிலிருந்து எழுந்தது! சுற்றுவட்டாரத்தில் 30க்கும் மேற்பட்ட இடிதாங்கிகள் இருந்தன. நிறுவியதில் இருந்த குறையால் அந்த இடம் மட்டும் பாதுகாப்புக்கு வெளியே நின்றுவிட்டது. இடிதாங்கி மேகத்திலிருந்தே மின்னலை இழுத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் எங்கே விழுவது என்பது கடைசிச் சில பத்து மீட்டர்களில்தான் முடிவாகிறது. அந்தப் பந்தயத்தில் இடிதாங்கியும் ஒரு போட்டியாளர், அவ்வளவே. ஆகவே எத்தனை வைத்தோம் என்பதைவிட, எங்கே வைத்தோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வெட்டோடு கதை முடிவதுமில்லை. சூடாறாத அதே பாதையில் அடுத்த மின்னோட்டம், இம்முறை தயங்காமல், ஒரே ஓட்டமாக இறங்கும். ஒரு மின்னலில் இப்படி மூன்று நான்கு வெட்டுகள் இருப்பது சாதாரணம்; ஒவ்வொன்றுக்கும் இடையே சில பத்து மில்லி விநாடிகள். மின்னல் துடிதுடிப்பதாக நமக்குத் தெரிவது இதனால்தான். இதைப் பார்க்க மட்டும் கேமரா தேவையில்லை.