மெடிகேர்: 65 வயதுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் 65 வயதை நெருங்கும் தமிழர்களுக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் குறித்து ஆலோசனை கூறுவது என் பணி. என்னிடம் வந்த ஒருவர் 66 வயதில் ஓய்வுபெற்று, நிறுவனத்தின் காப்பீட்டையே கோப்ரா சட்டப்படி சொந்தப் பணத்தில் 18 மாதங்களுக்கு நீட்டித்திருந்தார். காப்பீடு கையில் இருக்கும்போது, மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதியான பார்ட் பி எதற்கு என்பது அவருடைய எண்ணம். இடையில் இதய அறுவை சிகிச்சை நேர்ந்தபோது, முதலில் பணம் செலுத்த வேண்டியது மெடிகேர்தான் என்று கூறி, காப்பீட்டு நிறுவனம் மருத்துவர் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தர மறுத்துவிட்டது.

65 நிறையும் மாதம், அதற்கு முந்தைய 3 மாதங்கள், பிந்தைய 3 மாதங்கள் என மொத்தம் 7 மாதங்களுக்குள் பார்ட் பி-யில் சேர வேண்டும். தாமோ வாழ்க்கைத்துணையோ 20 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் பணியில் இருந்து, அதன் வழியே காப்பீடு பெறுவோர் அபராதமின்றித் தள்ளிப்போடலாம். வேலை முடிந்தபின் 8 மாத அவகாசம் உண்டு. கோப்ரா இக்கணக்கில் சேராது. அவகாசத்தைத் தவறவிட்டால் அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும். பெரும்பாலும் அந்தக் கூடுதல் தொகை வாழ்நாள் முழுவதும் தொடரும். அவருக்கு 10 சதவீதம் கூடியது.

அடுத்த முடிவு, அரசே நடத்தும் மூல மெடிகேருடன், அது தராத செலவுகளை ஈடுகட்டும் தனியார் காப்பீடான மெடிகேப் வாங்குவதா, மூல மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்வதா என்பது. பூஜ்ஜிய பிரீமியம் என்று விளம்பரம் செய்யப்படும் அட்வான்டேஜ் திட்டத்திலும் பார்ட் பி பிரீமியத்தைக் கட்டியே ஆக வேண்டும். அட்வான்டேஜ் திட்டத்தை ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம். மெடிகேப் அப்படியல்ல: 65 வயதிலோ அதன்பின்னோ பார்ட் பி தொடங்கிய முதல் 6 மாதங்களில், எந்த நோய் இருந்தாலும் நிறுவனங்கள் மறுக்க முடியாது. அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில், சில விதிவிலக்குகள் தவிர, உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கலாம். சர்க்கரை நோயும் இதய நோயும் மிகுந்த நம் குடும்பங்களில் இந்த 6 மாதங்களை வீணாக்கக் கூடாது என்பதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

ஆண்டில் பாதியைத் தமிழ்நாட்டில் கழிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. மெடிகேப்பில் ‘ஜி’ (G), ‘என்’ (N) போன்ற திட்டங்கள், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் நேரும் அவசர சிகிச்சையில், முதல் 250 டாலரை நாம் கட்டியபின் மீதியில் 80 சதவீதம் தரும்; வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர் தொடர்ந்து 6 மாதங்களுக்கு மேல் ஊரில் தங்கினால், பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கப்படுவார். ஆகவே விமானச் சீட்டு எடுக்குமுன் திரும்பும் தேதியைத் திட்ட விதிகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.