சாட்டிவா 60, இண்டிகா 40: கலப்பினக் கஞ்சா உடம்பில் என்ன செய்கிறது?

வார இறுதியில் புதுச்சேரி வந்து இறங்கும் இளைஞர் கூட்டத்தில் இப்போது அடிபடும் பேச்சு இது: "சாட்டிவான்னா தலைக்கு ஏறும், சுறுசுறுப்பா இருக்கும். இண்டிகா ஆளையே சாய்ச்சுடும்." தாய்லாந்திலிருந்து விமானத்தில் கடத்தி வந்து பிடிபடும் 'உயர் ரக கஞ்சா' செய்திகளோடு சேர்ந்து நம் பக்கம் பரவிய சொற்கள் இவை. கனடாவிலும் அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் உரிமம் பெற்ற கடைகளில் டப்பாவின் மேலேயே 'சாட்டிவா சாய்ந்த கலப்பினம், 60/40' என்று ஒட்டி விற்கிறார்கள். அந்தச் சீட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது செடியின் உருவத்தைப் பற்றிய உண்மை. இழுத்தவருக்கு என்ன ஆகும் என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் செடி. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த சணல் செடிக்குக் கன்னாபிஸ் சாட்டிவா என்று பெயரிட்டார். 1785இல் இன்னொரு தாவரவியலாளர் லமார்க், இந்தியாவிலிருந்து வந்த செடி அதிலிருந்து வேறுபட்டது என்று கண்டு அதை இண்டிகா என்றார். தலைக்கேறி ஒருவகைப் போதையும் களிப்பும் தருவது இதன் தனிக்குணம் என்றும் எழுதி வைத்தார். அந்தச் செடியை அவருக்குக் கொடுத்தவர் பியர் சோன்னரா. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாக இருந்தவர். நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பவர்.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். 1970களில் ஆப்கானிஸ்தானின் குட்டையான, அகல இலைச் செடி அமெரிக்காவுக்குப் போனது. அதைத்தான் இண்டிகா என்று அங்கே அழைக்கத் தொடங்கினார்கள். மெலிந்த இலையும் உயரமும் கொண்ட இந்திய, தாய்லாந்து, கொலம்பியச் செடிகளுக்கு சாட்டிவா என்ற பெயர் போய்ச் சேர்ந்தது. ஆக, லமார்க் இண்டிகா என்று குறித்த நம் நாட்டுச் செடியைத்தான் இன்றைய சந்தை சாட்டிவா என்று விற்கிறது.

உருவ வேறுபாடு நிஜம். அதற்குக் காரணம் வெயிலும் பகல் நீளமும். புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. குளிர் வந்து செடியைக் கொல்லும் அவசரம் கிடையாது. அதனால் வெப்ப மண்டலச் செடி நிதானமாக வளரும், பூத்து முற்ற 12 வாரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும், பூங்கொத்து தளர்வாக இருக்கும். தளர்வு ஒரு பாதுகாப்பு: காற்றோட்டம் இருந்தால் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது குறையும். ஆப்கானிஸ்தானின் இந்து குஷ் மலைச்செடிக்கு இந்த வசதி இல்லை. உறைபனிக்கு முன் 7 முதல் 9 வாரத்தில் முடித்தாக வேண்டும். பூ இறுக்கமாகத் திரளும். அதே செடி ஐப்பசி மழையில் கடலூர்ப் பக்கம் நின்றால் அந்த இறுக்கமான பூவுக்குள்ளேயே சாம்பல் பூஞ்சை குடியேறிவிடும்.

இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கலந்ததுதான் கலப்பினங்கள். 60/40 என்பதை யாரும் ஆய்வகத்தில் அளந்து எழுதுவதில்லை. தாய் தந்தை என்று சொல்லப்படும் ரகங்களின் வம்சாவளியை வைத்துப் போட்ட கணக்கு. 2015இல் வெளியான மரபணு ஆய்வொன்றில், முழு சாட்டிவா என்று பெயர் வாங்கிய ஜமைக்கா ரகம் ஒன்று ஆப்கன் இண்டிகா ரகத்தோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 2022இல் அமெரிக்காவின் 6 மாநிலங்களில் சுமார் 90,000 மாதிரிகளின் வேதிப் பட்டியலை ஒப்பிட்டபோதும் சாட்டிவா, இண்டிகா, கலப்பினம் என்ற பிரிவுகள் உள்ளே இருந்த சரக்கோடு ஒழுங்காகப் பொருந்தவில்லை.

உள்ளே இருக்கும் சரக்கு என்ன? பெண் பூவின் மேல் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தண்டும் உருண்டைத் தலையுமாக நுண்ணிய சுரப்பி முடிகள் தெரியும். பிசின் ஊறுவது அந்தத் தலைகளில். அங்கே சிபிஜிஏ என்ற அமிலம் முதலில் உருவாகிறது. ஒரு நொதி அதை டிஹெச்சிஏவாக மாற்றும், இன்னொரு நொதி சிபிடிஏவாக மாற்றும். முதலாவதிலிருந்து வருவது போதை தரும் டிஹெச்சி, இரண்டாவதிலிருந்து வருவது அந்தப் போதை தராத சிபிடி. எந்த நொதி ஓங்கியிருக்கிறது என்பதைச் செடியின் மரபணு முடிவு செய்கிறது. கடைகளில் விற்கும் கலப்பினங்களில் பெரும்பாலானவை, சாட்டிவா பக்கம் சாய்ந்தாலும் இண்டிகா பக்கம் சாய்ந்தாலும், முதல் நொதியையே கொண்டவை. டிஹெச்சி 15 முதல் 25 விழுக்காடு, சிபிடி 1 விழுக்காட்டுக்கும் கீழே. அமெரிக்காவில் பிடிபட்ட மாதிரிகளின் சராசரி டிஹெச்சி 1995இல் ஏறத்தாழ 4 விழுக்காடு, 2014இல் 12. பழைய அனுபவத்தை வைத்து இன்றைய பூவை எடைபோடுபவர் தவறுவது இங்கேதான்.

பச்சைச் செடியில் இருக்கும் டிஹெச்சிஏ போதை தராது. சூடு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போக, மிஞ்சுவது டிஹெச்சி. எடையில் 100க்கு 87.7 பங்கு நிற்கும். பீடியின் நெருப்பு இதை நொடியில் முடித்துவிடுகிறது.

மூளையில் நடப்பதைப் புரிந்துகொள்ள, நரம்புகள் பேசிக்கொள்ளும் முறையைப் பார்க்க வேண்டும். ஒரு நரம்பு அடுத்ததற்கு வேதிச் செய்தி அனுப்புகிறது. செய்தி அளவுக்கு மீறினால், பெற்றுக்கொள்ளும் நரம்பு ஆனந்தமைடு, 2-ஏஜி என்ற கொழுப்புப் பொருள்களைச் சுரந்து பின்னோக்கி அனுப்பும். அவை அனுப்பும் நரம்பின் சிபி1 ஏற்பியில் போய் உட்கார்ந்து 'போதும், நிறுத்து' என்கின்றன. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை அணைக்கும் மிதவை சுவிட்ச் செய்யும் வேலைதான். உடம்பின் சொந்தச் சரக்கு சில நிமிடங்களில் சிதைந்துவிடும், மோட்டார் மறுபடி ஓடும். டிஹெச்சியோ அதே சுவிட்ச்சை மணிக்கணக்கில், தொட்டி காலியாக இருந்தாலும் அழுத்திப் பிடிக்கிறது. டிஹெச்சியின் கட்டமைப்பை 1964இல் இஸ்ரேலின் மெக்கூலமும் கவோனியும் கண்டறிந்தார்கள். ஏற்பி இருப்பது 1988இலும் ஆனந்தமைடு 1992இலும்தான் தெரியவந்தது. ஆனந்தமைடின் பெயரில் இருப்பது நம் 'ஆனந்தம்'தான்.

விளைவு, எந்த இடத்து சுவிட்ச் அழுந்துகிறது என்பதைப் பொறுத்தது. டோபமைன் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா நரம்பு வாயடைத்தால் டோபமைன் பெருகும். சிரிப்பும் உற்சாகமும் வரும், பாட்டு வழக்கத்தைவிட இனிக்கும். நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸில் அழுந்தினால் தொடங்கிய வாக்கியம் பாதியில் மறந்துபோகும். அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையிலும் அடிமுடிச்சுகளிலும் அழுந்தினால் 5 நிமிடம் கால் மணியாக நீளும், கைகால் ஒருங்கிணைப்பு பிசகும். ஹைப்போதாலமஸில் என்றால் பசி. சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் இந்த ஏற்பி குறைவு. அபின் வகைகளைப் போல இது பெரியவர்களின் மூச்சை நிறுத்துவதில்லை என்பதற்குக் காரணம் அதுவே. சின்னக் குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால் அந்தச் சமாதானம் செல்லாது. மயக்கமும் மூச்சுத் திணறலும் வரும்.

அப்படியானால் 'சாட்டிவா சுறுசுறுப்பு' முழுக்கக் கற்பனையா? முழுக்க அல்ல. வாசனைப் பொருள்களான டெர்பீன்களில் ஒரு சாயல் உண்டு. இண்டிகா என்று பெயரிட்டவற்றில் மிர்சீன் கூடுதலாக இருக்கும் போக்கு தெரிகிறது. மாம்பழத்திலும் உண்டு அந்த மண்வாசனை. சாட்டிவா சாய்ந்த சில ரகங்களில் டெர்பினோலீன் ஓங்கியிருக்கும். ஊசியிலை மரமும் பழமும் கலந்த கூர்மையான மணம். எலுமிச்சைத் தோலின் லிமோனீனும் மிளகின் கேரியோஃபிலீனும் இரு பக்கமும் உண்டு. ஆனால் இவை பூவின் எடையில் பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காடுதான். அந்த அளவில் மனநிலையை எவ்வளவு திருப்பும் என்பதற்கு மனித ஆய்வுகள் மிகக் குறைவு. 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 30 மில்லிகிராம் டிஹெச்சியோடு 15 மில்லிகிராம் லிமோனீன் சேர்த்து ஆவியாகக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. டிஹெச்சியில் பாதியளவு லிமோனீன்! டிஹெச்சி மிகுந்த வழக்கமான பூக்களில் அந்த விகிதம் வருவதில்லை. சீட்டைப் பார்த்து 'இது தெம்பு தரும்' என்று நம்பி இழுப்பவருக்குத் தெம்பு வருவதில் நம்பிக்கையின் பங்கும் இருக்கிறது.

உண்மையில் சுறுசுறுப்பையும் சோர்வையும் பிரிப்பது அளவு. கால் கிராம் பூ, டிஹெச்சி 20 விழுக்காடு என்றால் உள்ளே 50 மில்லிகிராம். புகையில் எரிந்தும் காற்றில் கலந்தும் போனது போக ரத்தத்தைச் சேர்வது 10 முதல் 35 விழுக்காடு, அதாவது 5 முதல் 17 மில்லிகிராம். இந்த இடைவெளிக்குள்ளேதான் எல்லாம் மாறுகிறது. சிகாகோவில் 2017இல் நடந்த ஓர் ஆய்வில், மாத்திரையாக 7.5 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மன அழுத்தம் சீக்கிரம் தணிந்தது, 12.5 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மனநிலை கெட்டது. அதே பொருள், 5 மில்லிகிராம் வித்தியாசம். சிபிடியும் இல்லாத, டிஹெச்சி மிகுந்த சாட்டிவா சாய்ந்த ரகத்தில் இரண்டு இழுப்பு கூடினால் உற்சாகம் அப்படியே திரும்பிப் படபடப்பாகவும் 'எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்' என்ற சந்தேகமாகவும் மாறும். இதயத் துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடும். அந்தத் துடிப்பையே மாரடைப்பு என்று எண்ணிப் பயந்து மருத்துவமனைக்கு ஓடி வருபவர்கள் உண்டு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் என்றால் அந்தப் பயத்தைப் பிரமை என்று தள்ளக் கூடாது, நெஞ்சுவலிக்கு 108தான்.

புகையில் சில நிமிடங்களில் தெரியும், அரை மணிக்குள் உச்சம், 2 முதல் 4 மணி நேரத்தில் அடங்கும். வயிற்றுக்குள் போனால் கணக்கே வேறு. கல்லீரல் டிஹெச்சியை 11-ஹைட்ராக்ஸி டிஹெச்சியாக மாற்றுகிறது. அது மூளைக்குள் இன்னும் எளிதாக நுழையும், போதையிலும் சளைத்ததல்ல. தெரியத் தொடங்கவே 30 முதல் 90 நிமிடம், உச்சத்துக்கு 2 முதல் 4 மணி நேரம், அடங்க அரை நாள்கூட ஆகலாம். 'ஒன்னும் ஆகலையே' என்று முக்கால் மணியில் இன்னொரு துண்டு தின்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. கனடாவில் ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் சேர்கிறது: பீர். மது உள்ளே இருக்கும்போது புகைத்தால் ரத்தத்தில் டிஹெச்சி அளவு கூடுகிறது. முகம் வெளுத்து, வியர்த்து, தலைசுற்றி வாந்தி எடுத்து விழுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கூட்டணியில்தான். மாற்று மருந்து கிடையாது. வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் பார்த்துக்கொண்டு, கூடவே ஒருவர் இருக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால், வலிப்பு வந்தால், உடனே மருத்துவமனை. மிளகு மென்றால் தெளியும் என்பார்கள். மென்றால் கெடுதல் இல்லை, நம்பி உட்காரவும் கூடாது. வண்டி ஓட்டும் திறன் பழைய நிலைக்கு வர, புகைத்த பின் 5 மணி நேரம்வரை ஆகலாம். மதுவும் சேர்ந்தால் இன்னும் கூடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு திரும்புபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே பொட்டலத்தில் கைமாறுவதில் சாட்டிவா விகிதம் பேசுவதே வீண். ஆந்திர ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவது விதையோடு செங்கல் போல அழுத்திய சரக்கு. அழுத்தும்போது சுரப்பி முடிகள் உடைகின்றன. ஈரம் உள்ளே சிக்கி ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை வளர்கிறது. சூடு அந்த வித்துகளை முழுதாக அழிப்பதில்லை. நோய் எதிர்ப்பு குறைந்தவரின் நுரையீரலில் அவை முளைக்கும். அறை வெப்பத்தில் வைத்த பூ ஓராண்டில் தன் டிஹெச்சியில் ஆறில் ஒரு பங்கையும் நான்கு ஆண்டில் நாற்பது விழுக்காட்டையும் இழந்ததாக அளந்திருக்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாகும். சிதைந்தது, போதை குறைந்த சிபிஎன் என்ற பொருளாகிறது. பழைய சரக்கு மந்தமாக அடிப்பதைப் பார்த்து 'இண்டிகா போல' என்பதும் உண்டு.

தினமும் தொடர்பவர் கதை தனி. ஏற்பிகள் குறைந்துபோவதால் அதே உற்சாகத்துக்கு அளவு கூடும். நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கி இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். டிஹெச்சி 10 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளதைத் தினமும் பயன்படுத்துபவரிடம் மனப்பிறழ்வு நோய்க்கான வாய்ப்பு, பயன்படுத்தாதவரைவிட ஏறக்குறைய 5 மடங்கு இருந்ததாக 2019இல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு காட்டியது. குடும்பத்தில் அந்நோய் இருப்பவரும் இருபதைத் தாண்டாதவரும் இதில் முன்வரிசை. இன்னொன்று, ஓயாத வாந்தி: பல ஆண்டு பழகியவருக்கு வரும், வெந்நீரில் குளித்தால் மட்டும் தணியும். வயிற்றுக் கோளாறு என்று மாதக்கணக்கில் மருந்து தின்பவர் இந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைத்தால் நோய் பிடிபடாது.

சட்டம் டிஹெச்சியைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் பூக்கும், காய்க்கும் நுனிகளே கஞ்சா. எந்த ரகமானாலும் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பயன்படுத்தியதற்கு 6 மாதம் வரை சிறை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இதில் வேறுபாடு இல்லை. விட நினைப்பவர் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். மனக்கலக்கத்துக்கு அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமனாஸின் 14416. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்திலோ சிறு அளவு வழக்கிலோ சிக்கியிருந்து, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம்.